மறுத்த எட்டுப் பேர்

ஒரு கொடி ஒரு மண்ணுக்குச் சொந்தமாவது எப்போது என்ற கேள்வி கொஞ்ச காலமாக என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. கயிறு இழுபட்டுத் துணி விரிகிறபோதா? அதற்கு வெகு முன்னால் எங்கோ ஒரு மண்டபத்தில் சிலர் உட்கார்ந்து நிறத்தையும் நீள அகலத்தையும் முடிவுசெய்தபோதா? கீழே நிற்கிற கூட்டத்தில் ஒருவன் அண்ணாந்து பார்த்து, சரி, இனி இதுதான் என்று மனசுக்குள் ஒப்புக்கொள்கிறபோதா? மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஓய்வு நேரத்து யோசனையாக இருக்கலாம். புதுச்சேரிக்காரர்களை நாள்காட்டியே இப்படிக் கேட்கிறது. எங்களுக்கு ஆகஸ்ட் 15 உண்டு. மறுநாள் ஆகஸ்ட் 16 உண்டு, அன்று கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றம். நவம்பர் 1 உண்டு, அன்று கடற்கரைச் சாலையில் கொடியேற்றம். 2014இலிருந்து அரசு கொண்டாடும் விடுதலை நாள் அதுதான். மூன்று நாளும் ஏறுவது ஒரே கொடி. ஒரே கொடியை மூன்று தேதியில் வரவேற்க வேண்டியிருக்கிறது என்றால், முந்தைய வரவேற்பு ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்க வேண்டும். என்ன விட்டுப்போனது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் 15க்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். கீழூர் என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோனோம்.

இந்தியா தன் கொடியை ஏற்ற நாளைப் பற்றி நிறையப் பதிவாகியிருக்கிறது. 1947 ஜூன் 23 அன்று இராஜேந்திர பிரசாத் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அபுல் கலாம் ஆசாத், சரோஜினி நாயுடு, ராஜாஜி, கே. எம். முன்ஷி, அம்பேத்கர் ஆகியோர் அதில் இருந்தார்கள். மூன்றே வாரத்தில் வேலை முடிந்தது. ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு தீர்மானத்தை முன்மொழிந்தபோது பட்டில் ஒன்றும் கதரில் ஒன்றுமாக இரண்டு கொடிகளைச் சபையின் முன் வைத்தார். சக்கரத்துக்குள் ஸ்வஸ்திகம் வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்த எச். வி. காமத் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சபை முழுவதும் எழுந்து நின்று ஏற்றது. எதிர்ப்பு இல்லை. இந்த ஒருமனம் சும்மா வந்துவிடவில்லை. 1921இல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கய்யா காந்தியிடம் கொண்டுவந்த கொடியிலிருந்து நடந்த சச்சரவெல்லாம் அதற்குப் பின்னால் இருக்கிறது. எந்த நிறம் எந்த மதத்துக்கு என்ற பேச்சைத் தீர்த்துவைக்க 1931இல் காங்கிரஸ் ஏழு பேர் குழு ஒன்றை அமைத்தது. முழுக் காவியில் ஒரு ராட்டை என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. காவி, வெள்ளை, பச்சை என்று வைத்து, நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்று அறிவித்தது. ராட்டை போய் அசோகச் சக்கரம் வந்தபோது காந்திக்கு அது உறுத்தலாகவே இருந்தது. ராட்டை இல்லாத கொடிக்கு வணக்கம் செலுத்த மாட்டேன் என்று எழுதுகிற அளவுக்கு இருந்தது. அந்தச் சக்கரம் ராட்டையைக் குறிப்பது என்று தீர்மானத்திலேயே சொல்லி வைத்தார்கள். ஆக, தில்லி மண்டபத்துக்குள் ஒருமனம். வெளியே, அந்தக் கொடியை அத்தனை பேர் கையில் கொடுத்த மனிதரே தயங்கி நின்றார். அந்தத் தயக்கத்தை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். அந்த மண்டபத்தில் பிரெஞ்சிந்தியாவின் சார்பில் ஒருவரும் இல்லை, இருக்கவும் முடியாது. எங்கள் கொடியின் நிறங்களை முடிவுசெய்தபோது நாங்கள் வேறொரு நாடு.

அந்த ஆகஸ்ட் 15 புதுச்சேரியில் எப்படி விடிந்திருக்கும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மூன்று கொடிகள் தெரிகின்றன. கவர்னர் மாளிகையின் மேல் நீலம், வெள்ளை, சிவப்பு. சில மைல் தள்ளி, கோரிமேட்டுக்கும் கன்னியக்கோயிலுக்கும் அப்பால், புதிதாய்த் தைத்த சக்கரக் கொடி. நகரத்துக்குள் அரவிந்தர் ஆசிரமத்தின் மாடியில் அன்னை ஏற்றிய அவருடைய சொந்தக் கொடி, வெள்ளி நீலத் துணியில் பொன்னிறச் சின்னம். அன்று அரவிந்தருக்கு 75 வயது நிறைந்த நாள். முந்தைய இரவு திருச்சி வானொலி அவருடைய செய்தியை ஒலிபரப்பியிருந்தது. விடுதலையைப் பற்றிப் பேசியவர் உட்கார்ந்திருந்தது பிரெஞ்சு மண்ணில். நான்காவதாக, துணியாகவே இல்லாத ஒரு கொடியும் இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1908இலிருந்து 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதி தாயின் கொடியைப் பாடியபோது அவர் கண்ட சின்னங்கள் ஒருபுறம் இந்திரனின் வச்சிரம், மறுபுறம் பிறை, நடுவில் வந்தே மாதரம். நிவேதிதை வரைந்த கொடியிலும் வச்சிரம் உண்டு. அந்தக் காலத்தில் ஒவ்வொருவர் மனசிலும் ஒரு கொடி பறந்தது. பெஜவாடாக் கொடி காந்தியின் கைக்கு வந்த அதே 1921இல் பாரதி போய்விட்டார். தமிழ்க் குழந்தைகள் இன்று மூவண்ணக் கொடியின் கீழ் நின்று அவருடைய கொடிப் பாட்டைப் பாடுகின்றன. பாட்டில் இருக்கிற கொடி வேறு, தலைக்கு மேல் இருக்கிற கொடி வேறு. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆனால் எந்தக் கொடியும் முதலிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று நம்பவைக்கிற பேச்சுக்கு அந்தப் பாட்டே பதில் சொல்லிவிடுகிறது.

கொடிமரத்தை அண்ணாந்து பார்த்து, இப்போது யாருடைய ஆட்சி என்று தெரிந்துகொள்வது இந்த ஊருக்குப் பழகிப்போன காரியம். 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆறு வருஷம் வைத்திருந்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் பிடித்து ஊரையே இடித்துத் தள்ளினார்கள், திரும்பக் கொடுத்தார்கள், 1778இல் மறுபடி பிடித்தார்கள், கொடுத்தார்கள், 1793இல் இன்னொரு முறை. அந்தக் கடைசி முறை நகரம் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது 1816 டிசம்பரில். அப்போது ஏறிய கொடியைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பு அடங்குவதில்லை. அது மூவண்ணம் இல்லை. பாரிஸில் நெப்போலியன் விழுந்து பூர்போன் மன்னர்கள் திரும்பியிருந்தார்கள். அவர்களுடையது வெள்ளைக் கொடி. புரட்சியின் மூவண்ணத்தைப் பிரான்ஸ் 1794இல் சட்டமாக்கியபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1830இல் பாரிஸில் இன்னொரு புரட்சி வந்த பிறகுதான் இங்கே மூவண்ணம் ஊன்றி நின்றது. பிரான்சின் உள்வீட்டுச் சண்டையெல்லாம் பல மாதம் கடலில் பயணப்பட்டு வந்து இங்கே ஒரு கம்பத்தில் நிறமாக மாறியிருக்கிறது. முத்தியாலுப்பேட்டையில் தறியில் உட்கார்ந்திருந்தவரிடமோ வம்பாக்கீரப்பாளையத்தில் வலை உலர்த்தியவரிடமோ ஒரு முறையாவது யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? பீரங்கி முழங்கும், நிறம் மாறியிருக்கும், வரி கட்ட வேண்டிய இடம் மாறியிருக்கும். இரண்டரை நூற்றாண்டில் இந்த ஊருக்குக் கொடிகள் வந்தன, போயின. எதையும் இந்த ஊர் ஏற்கவில்லை. ஏற்பதற்கு முதலில் மறுக்கவும் வழி இருக்க வேண்டும்.

அந்த வழி முதலில் திறந்தது நகரத்தில் இல்லை, கிராமத்தில். பிரெஞ்சிந்தியாவின் வரைபடம் ஒரே நிலமாக இருந்ததில்லை. தென்னார்க்காட்டு வயல்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடந்தது. மாடு மேய்க்கிற பையன் ஒரு வரப்பைத் தாண்டினால் இந்தியா, அடுத்த வரப்பைத் தாண்டினால் பிரான்ஸ். 1954 மார்ச் 18 அன்று மேயர்களும் அமைச்சர்களும் இணைப்புக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டார்கள். முன்னின்றவர் எதுவார் குபேர். பாரிஸ் நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினர், அதுவரை பிரான்சின் பக்கம் நின்றவர். மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கம் காவல் நிலையத்தில் இந்தியக் கொடி ஏறியது. அங்கேயே ஒரு தற்காலிக அரசும் அமைந்தது. குபேரின் மனமாற்றத்தைப் பற்றி இந்த ஊரில் இன்றும் இரண்டு விதமாகப் பேசுவார்கள். மனசாட்சி என்பார்கள், காற்று வீசும் திசை என்பார்கள். 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் துப்பாக்கிக்குப் பலியான காலத்திலிருந்து போராடிவந்த வ. சுப்பையாவின் தோழர்களுக்கு, கடைசி நேரத்தில் வந்தவர் கையில் கொடி போனது வருத்தமாக இருந்திருக்கும். எனக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஆசை இல்லை. காவல் நிலையத்து ஓட்டின் மேல் ஏறிய அந்தத் துணியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். தில்லியில் ஏழு வருஷமாக அரசாங்கக் கட்டடங்களில் ஏறி இறங்கிப் பழக்கப்பட்டுப்போன அதே துணி, நெட்டப்பாக்கத்தில் சட்டத்துக்கு விரோதமான பொருள். 1932இல் திருப்பூரில் குமரன் கீழே விடாமல் பிடித்திருந்த கொடிக்கு இருந்த ஆபத்தில் ஒரு பங்காவது இதற்கும் இருந்தது. ஜூன் 13 அன்று ஏனாம், ஜூலை 16 அன்று மாஹே. நகரத்தில் கடைசிவரை பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது, கால்வாய்க்குக் கிழக்கே, கடலைப் பார்த்த வெள்ளைச் சுவர்களுக்குப் பின்னால்.

இதற்குள் உலகம் வேறொரு பக்கமும் அசைந்திருந்தது. மே 7 அன்று வியட்நாமில் தியன் பியன் பூ விழுந்தது. ஜூனில் மென்டெஸ் பிரான்ஸ் பிரதமரானார். தூரத்து நிலங்களைப் பிடித்துவைத்திருக்கிற தெம்பு பாரிஸுக்குக் குறைந்துபோயிருந்தது. ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அங்கே வாழும் மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று பிரான்சின் 1946 அரசியலமைப்பு, 27ஆம் பிரிவில், சொல்லியிருந்தது. பிரெஞ்சிந்தியாவின் இன்னொரு பகுதியான சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று மக்களே நேரடியாக வாக்களித்து இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற நான்கு இடங்களிலும் அப்படி நடக்கும் என்ற பேச்சு வருஷக்கணக்கில் நீடித்து, நடக்காமலே போயிற்று. பதிலாக 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூரைத் தாண்டிய கீழூரில், தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற, நகர்மன்றப் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170. எதிராக 8. மூன்றாம் நாள், அக்டோபர் 21 அன்று, தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

என்னை அரிப்பது அந்த 8தான். தில்லி மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கீழூரில் எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று நாளில் கையெழுத்தாகப்போகிற ஒப்பந்தம், கூட்டத்தின் முடிவு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த சூழல், சுற்றிலும் ஏற்கெனவே கொடி மாறிவிட்ட கிராமங்கள். அந்த நிலையில் வேண்டாம் என்று வாக்களிக்க ஒருவருக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்குகிற அண்ணன் ஒருவர் நினைவில் இருந்திருக்கலாம். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பாத தகப்பனாராக இருக்கலாம். சாதி சொல்லிக் கூப்பிடாத ஒரு சட்டத்தின் மேல் இருந்த நன்றியாக இருக்கலாம்; 1881இல் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கீழ் போன ரெனோன்சான் குடும்பங்களில் பல, ஊரின் கடைசியில் ஒதுக்கப்பட்டவை. குபேரின் மேல் இருந்த கோபமாகக்கூட இருக்கலாம். வெறும் சுயநலமாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அந்த எட்டு வாக்கும் இல்லாமல் 178க்கு 178 என்று வந்திருந்தால், அந்தக் கூட்டத்தை நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன். பீரங்கி முழக்கத்தோடு வந்த பழைய கொடிகள் எதற்கும் மறுப்பு வாக்கு கிடையாது, ஏனென்றால் வாக்கே கிடையாது. கீழூரில் ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீடு திரும்ப முடிந்தது. மற்ற 170 பேரின் சம்மதத்துக்குச் சம்மதம் என்ற பெயர் பொருந்துவது அதனால்தான். இந்திய ஒன்றியத்திலேயே மூவண்ணக் கொடி எண்ணிப் பார்த்து ஏற்கப்பட்ட மிகச் சில இடங்களில் இது ஒன்று. அதைப் பெருமையாக நினைக்கிறேன். ஆனால் ஏறக்குறைய மூன்று லட்சம் பேருக்காக 178 பேர் பேசினார்கள் என்பது அந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நகரசபைத் தேர்தல்களில் கள்ள ஓட்டும் அடியாட்களும் மலிந்திருந்த காலம் அது. அந்தப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்த வாக்குகள் எல்லாமே சுத்தமானவை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சந்திரநாகூர்க்காரரிடம் நேரில் கேட்டதை வில்லியனூர்க்காரரிடமும் நேரில் கேட்டிருந்தால் என்ன? பதில் மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மாறியிருக்காது என்பதாலேயே கேட்டிருக்கலாம்.

நவம்பர் 1 அன்று காலை கவர்னர் மாளிகையில் பிரான்சின் சார்பில் பியேர் லாந்தி ஒப்படைக்க, இந்தியாவின் சார்பில் கேவல் சிங் பொறுப்பேற்றார். கத்தோலிக்கர்களுக்கு அது சகல புனிதர்களின் திருநாள். மறுநாள் கல்லறைத் திருநாள். கொடி மாறிய அடுத்த நாள், மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாய் உறவுகளின் கல்லறைக்குப் போன குடும்பங்கள் என்ன பேசிக்கொண்டிருக்கும்? அதே நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் பிரான்சுக்கு எதிரான ஆயுதப் போர் தொடங்கியது. ஒரே நாளில் ஒரு கொடி இங்கே அமைதியாக இறங்கியது. அங்கே அதை இறக்கப் போனவர்கள் ஏழரை வருஷம் ரத்தம் சிந்த வேண்டியிருந்தது. நம் கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. நவம்பர் 1 அன்று கைமாறியது நிர்வாகம் மட்டுமே. உரிமை மாற்று ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28 அன்று. அல்ஜீரியப் போர் நடக்கும்போது இன்னொரு நிலத்தை விட்டுக்கொடுக்கப் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு மனம் வரவில்லை. 1962இல் அல்ஜீரியாவின் முடிவு தெரிந்த பிறகே ஒப்புதல் தந்தார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று பத்திரங்கள் கைமாறின. அதுவரை எட்டு வருஷம், பாரிஸின் சட்டப்படி பிரெஞ்சு நிலமான ஊரில் இந்தியக் கொடி பறந்தது. அந்த எட்டு வருஷத்தில் பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் அதற்குத்தான் வணக்கம் வைத்தார்கள். சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தின் முன் போய் நின்றால் இன்னொன்று தெரியும். பழைய சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், வருவார்கள். உப்புக் காற்றில் சட்டை உடம்போடு ஒட்டும் புழுக்கத்திலும் கோட்டு, மார்பில் பதக்கங்கள், ஒன்றோடொன்று உரசி மெல்லக் கணகணக்கும். காலர் உள்பக்கம் வேர்வையில் கறுத்திருக்கும். மலர் வளையம் வைப்பார்கள். இரண்டு நாட்டுப் பண்ணும் ஒலிக்கும், இரண்டுக்கும் அதே கை அதே விறைப்போடு நெற்றிக்கு உயரும். பேரப்பிள்ளைகளோடு அவர்கள் பேசுவது சுத்தமான புதுச்சேரித் தமிழ். அங்கிருந்து சற்றுத் தள்ளி, செஞ்சியிலிருந்து வந்த கற்றூண்கள் சூழக் காந்தி நிற்கிறார். கடலோரத்தில் கொடி நீடித்து உழைக்காது. கதர்த் துணி ஈரத்தை உறிஞ்சிக் கனத்து, பறப்பதற்குத் தயங்கும். காவி முதலில் வெளுக்கும். ஓரம் நூல் நூலாகப் பிரியும். 2021 டிசம்பரில் விதி மாறி பாலியெஸ்டர் கொடிக்கும் அனுமதி வந்த பிறகு, கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. அது ஈரம் பிடிக்காது, படபடவென்று பெரிய சத்தம் போடும். வீட்டுக்கு வீடு கொடி பறப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். நெட்டப்பாக்கத்துத் துணி கையால் நூற்றதை நெய்தது என்பதும், அதைக் கையில் வைத்திருக்க ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது என்பதும் அந்தச் சத்தத்தில் மறந்துபோகக் கூடாதே என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

அந்தச் சொல்தாக்கள் யார் என்ற கேள்விக்குப் போனால்தான் 1962இன் முக்கியமான பகுதி வருகிறது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அனைவரும் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர்கள் ஏறத்தாழ ஐந்தாயிரம் பேர். வாசலில் பிரெஞ்சுப் பெயர்ப்பலகை, மாதம் பிறந்தால் யூரோவில் பென்ஷன், பிள்ளைகள் பாரிஸின் புறநகரில் என்று இன்றைக்கு இருக்கிற குடும்பங்களின் கதை அந்தக் காகிதத்தில் தொடங்குகிறது. கீழூரில் கேட்கப்படாத கேள்வி இப்படி எட்டு வருஷம் கழித்து ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது, தனித்தனியாக, கெடுவோடு. மறுக்கிறவர் எழுத வேண்டும். ஏற்கிறவர் ஒன்றும் செய்ய வேண்டாம். இந்த ஊரின் பெரும்பாலோர் மூவண்ணக் கொடியை ஏற்றது அந்த ஆறு மாதத்தில், ஒரு காகிதத்தை எழுதாமல் விட்டதால். அவர்களில் பாதிப் பேர் மனமாரத்தான் எழுதாமல் இருந்தார்கள் என்று நம்புகிறேன். பாதிக்கும் மேல் என்றுகூட நம்புகிறேன். ஆனால் அப்படி ஒரு காகிதம் உண்டு என்ற செய்தி பாகூர் வயல்வெளிக்கும் காலாப்பட்டுக் குப்பத்துக்கும் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்ப மனம் ஒப்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அன்று ஏராளம். எழுதாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட இடத்தில் எத்தனை பேருக்கு அந்தக் கேள்வியே போய்ச் சேரவில்லை? ஆகஸ்ட் 16 அன்று கீழூரில் பேச வருகிறவர்கள் 170 பேரைப் பாராட்டுகிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். அந்த மேடையில் ஒருவராவது எட்டுப் பேர் மறுத்தார்கள் என்று உரக்கச் சொல்லி, ஏன் மறுத்திருப்பார்கள் என்று கூடியிருக்கிற பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், தாத்தா, நம் வீட்டில் அன்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா, ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். பதில் சொல்லக்கூடிய வயதில் இருக்கிறவர்கள் இந்த ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.